சண்முகத்தின் இடதுபக்கம்

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, நான்கு கேமராக்களையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, "கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை, கோயம்புத்தூரில் கூடைப்பந்து ஆடுகிறவர்கள் எங்கெங்கே ஓடுகிறார்கள் என்று அளக்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் ஒரு கேமராவைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார். "ஓடுறது கண்ணுக்கே தெரியுமே சார். அதுக்கு எதுக்கு இவ்வளவு சாமான்?" என்றபடி முத்திரை குத்தி அனுப்பினார்.

நான் பினாங்குக்காரன், பெயர் மணியம். நான் வேலை பார்த்த சிறிய நிறுவனம் மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் கேமராக்களைச் செய்தது. பலகையில் ஒரு சில்லு மயிரிழை கோணலாக உட்கார்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும். எங்கள் முதலாளிக்குப் பேட்மின்டன் பித்து. சில்லைப் பார்க்கிற கண் ஆளைப் பார்க்காதா என்று ஆரம்பித்து, உள்ளரங்கின் கூரையில் கேமராக்களை மாட்டி, கீழே ஓடுகிறவர்களைக் கணினித் திரையில் புள்ளிகளாகக் காட்டும் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. சிங்காநல்லூரில் பஞ்சாலை வைத்திருந்த ஒருவர் ஏதோ கண்காட்சியில் அதைப் பார்த்துவிட்டுத் தன் ஆலை அணிக்கு வேண்டுமென்றார். தமிழ் தெரிந்தவன் என்பதால் என்னை அனுப்பினார்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, இத்தனை துல்லியம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

ரயிலில் எனக்கு எதிரே ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவர். அவர் பெட்டியும் என் ஒயர்ப் பெட்டியும் ஒரே பச்சை. அவர் என்னுடையதை எடுத்துக்கொண்டு ஈரோட்டில் இறங்கிவிட்டார். கோவையில் நான் திறந்து பார்த்தால் வேட்டி, சவர சாமான், பொட்டலம் பொட்டலமாக மஞ்சள் கிழங்கு. மறுநாள் காலையில் அவரே பஸ் பிடித்து, பெட்டிமேல் ஒட்டியிருந்த முகவரியை விசாரித்துக்கொண்டு ஆலை வாசலுக்கு வந்துவிட்டார். "ஏனுங்க, மன்னிச்சுக்கோணுமுங்க. தொறந்தா ஒரே ஒயரா இருக்குது. ஊட்டுல எல்லாரும் பயந்துபோட்டாங்க" என்று சொல்லி, என் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, தன் மஞ்சளில் ஒரு பொட்டலத்தை எனக்கே விட்டுச் சென்றார். எங்கள் ஊரில் தவறு செய்தவர் இவ்வளவு தூரம் வந்து மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆலை முதலாளி ரங்கராஜ் ஐம்பது வயதுக்காரர். எங்களிடம் தமிழ், வீட்டுக்குப் போன் செய்தால் தெலுங்கு. அரங்கை அவரே அழைத்துப் போய்க் காட்டினார். பழைய நூற்பாலைக் கூடம் அது. ரம்பப் பல் போன்ற கூரை, ஒவ்வொரு பல்லிலும் வடக்கே பார்த்த கண்ணாடி. இயந்திரங்களை அப்புறப்படுத்தி, மரத்தரை போட்டுக் கோடு இழைத்திருந்தார்கள். ஒரு கோடியில் வாசல், எதிர்க் கோடியில் வளையம். வாசல் பக்கத்துக்கு வேண்டிய வளையம் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் எல்லாரும் வாசலிலிருந்து வளையத்தை நோக்கியே ஓடிப் பழகினார்கள். பக்கத்துக் கூடத்தில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. காதில் விழாத அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாதபோது அங்கே நின்றால் யாரோ அடித்தொண்டையில் முனகுவது போலிருக்கும்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணுமுங்க" என்றார் ரங்கராஜ். "எவன் ஓடறான், எவன் ஓடற மாதிரி நடிக்கறான். ஆட்டத்துக்காகத்தான் இவங்களுக்கு வேலை குடுத்திருக்கறேன். நடிக்கறவனுக்கு டீமும் இல்ல, வேலையும் இல்ல."

பயிற்சியாளர் சின்னசாமி அவர் பின்னால் நின்று தலையாட்டினார். யாரை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்பது இரண்டு நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. சண்முகம். கோபிசெட்டிபாளையத்துக்காரர், ஆலை ஸ்டோரில் வேலை, வயது இருபத்தாறு இருக்கும். போன வருஷம்வரை அணியின் சிறந்த ஆட்டக்காரர். இப்போது கைக்கு வரும் பந்தை விட்டுவிடுகிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை, திமிர் ஏறிவிட்டது என்றார் சின்னசாமி.

புதன்கிழமை அளவெடுப்பு. தரை முழுக்கச் சாக்கட்டியால் கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் ஆளை நிறுத்தித் திரையோடு ஒப்பிட்டோம். ஆட்டக்காரர்கள் தலையில் ஆளுக்கொரு வண்ணத் துணிப்பட்டை கட்டியிருந்தார்கள். கேமரா அந்த வண்ணத்தைத்தான் பின்தொடரும். உயரமானவர்களின் தலை ஓரங்களில் கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளித் தெரியும். அதற்குக் கணக்கு உண்டு, சரிசெய்தேன். மத்தியானத்துக்குள் பிழை ஒரு சாணுக்குக் கீழே வந்துவிட்டது. இயந்திரத்தைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

சாப்பாட்டுக்கு எல்லாரும் மெஸ்ஸுக்குப் போனார்கள். நான் திரையைப் பார்த்தேன். அரங்கில் யாருமில்லை. திரையில் ஒரு புள்ளி நின்றுகொண்டிருந்தது.

நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், அசையாமல். எழுந்துபோய் அந்த இடத்தைப் பார்த்தேன். வெறும் தரை. திரும்பி வந்தேன். புள்ளி அங்கேயே இருந்தது. இன்னொரு முறை போய்க் குனிந்து தடவிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. காலையில் ஒருவர் வழுக்கி விழுந்த இடத்தில் வேர்வை ஆள் நீளத்துக்குப் படிந்திருந்தது. கூரை வெளிச்சம் அதில் பட்டு மேலே மின்ன, கேமரா அதை ஒரு வெள்ளைப் பட்டை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. வேர்வை காயக் காயத் திரையில் புள்ளி மங்கி, கடைசியில் இல்லாமல் போயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெஸ்ஸுக்குப் போனேன், அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் விட்டுக் காத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டாயிற்றா என்பதற்குப் பினாங்கில் "பசியாறிட்டீங்களா" என்போம். இங்கே அந்தச் சொல்லைச் சொன்னதும் மேசையே சிரித்தது. "பசி ஆறிப்போச்சுன்னா பொறகு எதுக்குங்க சோறு?" என்றார் சண்முகம். நான் பார்த்தவரை திமிர் எதுவும் இல்லாத மனிதர் அவர்.

வியாழக்கிழமை பயிற்சி ஓட்டத்தைப் பதிவு செய்தேன். இடதுபக்கக் கோட்டை ஒட்டி வாசலிலிருந்து வளையம்வரை ஒவ்வொருவரும் பத்துமுறை ஓடவேண்டும். மாலையில் பிரிண்டர் கரகரவென்று தடங்களை அச்சடித்துத் தள்ளியது. மற்ற ஒன்பது பேருடைய தடங்களும் கோட்டோடு ஒட்டிக் கிடந்தன. சண்முகத்தின் தடம் மட்டும் கோட்டை விட்டு உள்ளே விலகி ஓடியது. ஒருமுறை இரண்டுமுறை இல்லை, பத்துமுறையும். அவருக்கும் கோட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஓடுகிற அகலத்துக்கு வெற்றிடம். தொடக்கத்தில் குறுகலாக, போகப்போக அகன்று, கடைசிவரை.

சின்னசாமியிடம் காட்டினேன். "நான் பார்த்துட்டுத்தானுங்க இருந்தேன். நேராத்தான் ஓடுனான்" என்றார். நானும் பார்த்தேன். என் கண்ணுக்கும் நேராகத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பட்டைகளை மாற்றினேன். சண்முகத்தின் பச்சைப் பட்டையை வேறொருவருக்கும், அவருடைய சிவப்பைச் சண்முகத்துக்கும் கட்டினோம். பிழை பட்டையின் வண்ணத்தில் இருந்தால் பச்சையோடு போகவேண்டும். பச்சை கோட்டோடு ஓடியது. சிவப்பு விலகியது. உயரக் கணக்கில் இருக்குமோ என்றால், அந்தப் பிழை ஆளை வெளியேதான் தள்ளும். இது உள்ளே தள்ளியது. கேமராக்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மற்ற எல்லாருக்கும் உண்மையைச் சொல்லும் இயந்திரம் ஒருவருக்கு மட்டும் பொய் சொன்னது.

ஆட்டக்காரர்கள் பிரிண்டரைச் சுற்றி நின்று தாளைப் பார்த்தார்கள். ஒருவர் விரலால் அந்த வெற்றிடத்தைத் தடவி, "கூட யாரோ ஓடுறாங்கடா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கூடத்தைப் பெருக்குகிற மாராத்தாள் துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். மெஷின் இருந்த காலத்தில் அந்தக் கோடு போட்ட இடம்தான் மேஸ்திரி நடக்கிற பாதையாம். ஒரு மேஸ்திரி அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். "அவரு நெம்ப நல்லவருங்க. யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாரு. சித்தெ வழி உட்டாப் போதுமுங்க" என்றாள், பஸ்ஸில் இடம் கேட்பது போல.

சண்முகம் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "உங்க மிசினு பொய் சொல்லுதுங்க. நான் கோட்ட ஒட்டித்தான் ஓடுறேன். இதையக் காமிச்சு என்ற வேலையப் புடுங்கப் போறாங்க" என்றார்.

அன்று மாலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பினாங்குக்குப் பேசினேன். முதலாளி சீனர், எங்கள் ஊர்க் கலவை மொழியில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "ஒன்பது பேருக்குச் சரியாக இருக்கிறது. ஒருவனுக்குத்தானே? அவன் தடத்தை மட்டும் அவ்வளவு தூரம் தள்ளிவிட ஒரு திருத்தம் போடு. கையெழுத்துப் போட்டுவிட்டு வா." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சண்முகத்துக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. அறைக்குப் போய் நான்கே வரியில் திருத்தத்தை எழுதினேன்.

சனிக்கிழமை காலை திருத்தத்தோடு ஓட்டினேன். திரையில் சண்முகம் கோட்டின் மேலேயே ஓடினார். அவர் வந்து பார்த்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சின்னசாமிக்கும் திருப்தி. ரங்கராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, போனில் யாரிடமோ தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். "பினாங்கு ஆள் ஒருவழியாகச் சரி செய்துவிட்டான்" என்று அதற்கு அர்த்தம் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

வேலை முடிந்தது என்று ஒயர்களைச் சுருட்டப் போனேன். அப்போது சின்னசாமி, உடம்பு தளர்வதற்காக எல்லாரையும் அதே கோட்டில் திரும்பி, வளையத்திலிருந்து வாசலுக்கு மெதுவாக ஓடிவரச் சொன்னார். அந்த வாரத்தில் யாரும் அந்தத் திசையில் ஓடியிருக்கவில்லை. திரை இன்னும் அணையவில்லை.

ஒன்பது புள்ளிகள் கோட்டில் வந்தன. சண்முகத்தின் புள்ளி கோட்டைத் தாண்டி, அரங்கைத் தாண்டி, சுவருக்கு அடையாளமாக வரைந்திருந்த தடித்த கோட்டுக்குள் புகுந்து, சுவருக்குள்ளேயே ஓடி வந்துகொண்டிருந்தது.

திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்தேன். சண்முகம் சுவரோரமாக வந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் கோட்டின் மேல். அவர் மட்டும் கோட்டுக்கு வெளியே, சுவரில் தோள் உரசிவிடும்போல. தெரிந்த பிறகு கண்ணுக்கும் தெரிந்தது. சிரித்துக்கொண்டே ஓடிவந்தார். அவருக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

திருத்தத்தை அழித்துவிட்டு மறுபடி ஓடச் சொன்னேன். போகும்போது மைதானத்தின் உள்ளே விலகினார். வரும்போது சுவர்ப்பக்கம் விலகினார். கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பது மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் வெற்றிடம் எப்போதும் அவருடைய இடக்கைப் பக்கம். மேஸ்திரி தரையில் நடமாடுகிறார் என்றால், திரும்பி வரும்போது வலப்பக்கம் அல்லவா இருக்கவேண்டும்? அது தரையில் இல்லை. அவரோடு வந்துகொண்டிருந்தது.

பகல் பதினோரு மணி, கூரைக் கண்ணாடி முழுக்க வெளிச்சம். ஆனாலும் ஒருமுறை என் இடப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

மறுபடி தடம் கோணலாக வந்ததும் சண்முகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கு ஞாயித்துக்கெழம. என்ற வண்டியில எங்கூருக்கு வாங்க சார். பின்னால உக்காந்து பாருங்க, நான் நேராப் போறனா, கோணையாப் போறனான்னு. பொறகு உங்க மிசினு சொல்றதக் கேளுங்க" என்றார். சவால்தான். ஆனாலும் இந்த ஊர்க்காரர்கள் சவாலுக்குள்ளும் விருந்து வைத்துவிடுகிறார்கள். "ஊட்டுல நாட்டுக்கோழி அடிக்கச் சொல்றேனுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அவருடைய மோட்டார் சைக்கிளில் போனோம். நன்றாகவே ஓட்டினார். நெல் வயல், வாழை, தென்னை என்று பச்சை மாறி மாறி வந்தது. எங்கள் தீவில் பச்சை மலைமேல் இருக்கும், அண்ணாந்து பார்க்கவேண்டும். இங்கே முழங்காலுக்குப் பக்கத்திலேயே ஓடிவருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது இடதுபக்கத்து மண்பாதையிலிருந்து கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று மெதுவாகச் சாலையில் ஏறியது. வெட்டவெளி. வெகுதூரத்திலிருந்தே தெரிந்தது. சண்முகம் வேகத்தைக் குறைக்கவில்லை. பார்த்துவிட்டார், சமாளிப்பார் என்று நினைத்தேன். வண்டி நெருங்கியது. அவர் தலை நேராக இருந்தது. தன் மகள் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"வண்டி! வண்டி!" என்று கத்தி அவர் தோளைப் பிடித்து இழுத்தேன்.

பிரேக் போட்டு, சறுக்கி, மாட்டின் கொம்புக்கு ஒரு கை தூரத்தில் நின்றோம். மாட்டின் மூச்சு என் முழங்காலில் பட்டது. வண்டிக்காரர் திட்டினார். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" சண்முகம் அவரையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மண்ணிலிருந்து முளைத்ததைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது எப்பிடிங்க வந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார். "இப்ப இங்க ஒண்ணுமே இல்லீங்களே."

மீதித் தூரத்தை நடை வேகத்தில் போனோம்.

வீட்டில் அவர் மனைவி சரசு வாழையிலை போட்டாள். எனக்கும் அவருக்கும் அருகருகே. கொள்ளுப் பருப்பு, கோழிக் குழம்பு, வெண்டைக்காய்ப் பொரியல், இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகை. இலையின் இடது மூலையில் உப்பும் ஊறுகாயும். சண்முகம் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏன் அம்மணி, உப்பு வெக்கலியா?" என்றார்.

சரசு என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "வெச்சிருக்குதுங்க" என்றாள்.

அவர் இலையைப் பார்த்தார். நிஜமாகவே தேடினார். கழுத்தை நன்றாக இடப்பக்கம் திருப்பிய பிறகு, "அட" என்று தொட்டுக்கொண்டார். சாப்பிட்டு எழுந்தபோது வலதுபாதி இலை வழித்துத் துடைத்தது போலிருந்தது. இடதுபாதியில் பொரியலும் ஒரு சந்தகையும் பரிமாறியபடியே இருந்தன. நடுவில் கோடு கிழித்தது போல.

அவர் கைகழுவப் போனதும் சரசு தாழ்ந்த குரலில் சொன்னாள். "நாலஞ்சு மாசமா இப்பிடித்தானுங்க. பாதி இலைய உட்டுட்டு எந்திரிச்சுருவாரு. என்ற சமையல் புடிக்கலையோன்னு நான் அழுவேன். கதவு நெலவுல இடிச்சுக்குவாரு. கொழந்த இந்தப் பக்கமா வந்து நின்னா எடுக்கவே மாட்டாரு. அது அப்பாவுக்கு என்னப் புடிக்கலீங்குது."

வாரம் முழுக்க நான் பார்த்த அந்த வெற்றிடம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவரோடு யாரும் ஓடவில்லை. அந்தப் பக்கத்தில் அவருக்கு உலகமே இல்லை. என்ன வந்து மோதுமோ என்று அவருக்குத் தெரியாமலே அவர் உடம்பு பயந்து, இருக்கிற பக்கமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் நான்கு வரி எழுதி அழிக்கப் பார்த்தேன்.

சண்முகத்திடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். நேராக என் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவருடைய இடப்பக்கத்தில் என் கையை ஆட்டினேன். "கை ஆடுதா?"

"எந்தக் கைங்க?" என்றார்.

திரும்பும்போது அவரை வண்டியெடுக்க விடவில்லை. சாவியைச் சரசுவிடம் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். பஸ் நடுவழியில் டயர் வெடித்து நின்றது. எல்லாரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். இளநீர்க்காரர் ஒருவர் சண்முகத்தின் இடப்பக்கம் வந்து நின்று, "எளநி வேணுங்களா?" என்று மூன்று முறை கேட்டார். சண்முகம் வலப்பக்கமாகத் திரும்பித் தேடினார்.

திங்கட்கிழமை ரங்கராஜிடம் தாள்களை விரித்துக் காட்டினேன். இயந்திரம் சரியாக இருக்கிறது, முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது, நடுவில் தப்பாக்கியது நான்தான் என்றேன். மாட்டுவண்டியையும் இலையையும் சொன்னேன். சின்னசாமி தலையைக் குனிந்துகொண்டார். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான்னு அவனப் பேசாத பேச்செல்லாம் பேசிப்போட்டனேங்க" என்றார். ரங்கராஜ் எழுந்து தன் கார்ச் சாவியை எடுத்தார். டிரைவரைக் கூப்பிடவில்லை. தானே ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஓர் அம்மையார்தான் டாக்டர். கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே, ஓரங்களில் சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். நான் பின்னால் நின்றேன். வெளிச்சங்கள் வலப்பக்கம் வந்தபோது பொத்தான் டக் டக்கென்று அடித்தது. இடப்பக்கம் வந்தபோது அறையில் சத்தமே இல்லை. வெளிச்சம் வந்து வந்து போனது. சண்முகம் பொறுமையாக அடுத்ததற்குக் காத்திருந்தார்.

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்குதுங்க" என்றார் டாக்டர். "பார்க்கறது மண்டைக்குப் பின்பக்கம். அங்க வலது பக்கம் ஏதோ இருக்குது. ஸ்கேன் எடுக்கோணும்." ஸ்கேனில் கட்டி தெரிந்தது. இவ்வளவு நாள் இவருக்கு எப்படித் தெரியாமல் இருந்தது என்று கேட்டேன். டாக்டர் சொன்னார்: "இருட்டாத் தெரிஞ்சாத்தானே இருட்டுன்னு சொல்லுவாரு? மூளை அந்த எடத்தை எடமாவே வெக்கலீங்க. உங்க முதுகுக்குப் பின்னால இப்ப என்ன தெரியுதுன்னு சொல்லுங்க பார்க்கலாம்." நான் யோசித்துப் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி எப்போதாவது என்னைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அறுவை முடிந்து பிழைத்துக்கொண்டார். கட்டி பொல்லாத வகை இல்லை. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்களாம். போன பார்வை திரும்பவில்லை. ஆட்டமும் மோட்டார் சைக்கிளும் போயின. ஸ்டோர் வேலை இருந்தது. ரங்கராஜ் சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டார். பினாங்கில் என் அறிக்கையைப் படித்த முதலாளி, திருத்தம் போடும் வசதியையே மென்பொருளிலிருந்து எடுத்துவிட்டார். சரசு எழுதிய கடிதத்தில், மகள் இப்போது அப்பாவுக்கு வலப்பக்கமாகவே வந்து நிற்கப் பழகிவிட்டாள் என்று இருந்தது.

ஊர் திரும்பும் நாள் பகலில் சண்முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வார்டுக்குப் போனேன். அறுவைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. கதவு கட்டிலுக்கு இடப்பக்கம். சரசு மருந்து வாங்கப் போயிருந்தாள். அவர் சாய்ந்து உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்து கட்டிலுக்கு மூன்றடியில் நின்றேன். அவருக்கு நான் இல்லை.

அவர் தன் இடது கையை முகத்துக்கு நேராக நீட்டியிருந்தார். விரல்களை விரித்து, மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார். கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தார். மறுபடி வெளியே. கை எங்கே காணாமல் போகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை அது போகும்போதும் அவர் உதடு அசைந்தது. பல முறை செய்தார். ஒரு முறை கையை அந்தப் பக்கத்திலேயே வெகுநேரம் வைத்திருந்தார். விரல்கள் காற்றைப் பிடிப்பது போல மூடித் திறந்தன, எனக்கு மிக அருகில். அவர் கண்கள் நனைந்திருந்தன.

கூப்பிடலாமென்று வாயெடுத்தேன். யாருமில்லாத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று தோன்றியது. சத்தமில்லாமல் பின்வாங்கி, கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி அவருடைய வலப்பக்கம் போய் நின்றேன்.

சட்டென்று முகம் மலர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அட, வாங்க சார். எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்" என்றேன்.